தேவைக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிற்கும் அனுமானம்

ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை, அதாவது ரிக்வயர்மென்ட்டை, எழுத உட்கார்ந்ததும் தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் வெளி உலகில் என்ன நடக்க வேண்டும் என்பது, அதுதான் தேவை. இரண்டாவதில் மென்பொருள் என்ன செய்யும் என்பது. மூன்றாவதில், அதைச் செய்தால் இது நடந்துவிடும் என்று எதை நம்பிச் சொல்கிறோமோ அந்த அனுமானங்கள். பல ஆவணங்களில் மூன்றாவது பத்தியே இருக்காது. பெரிய அடி விழுவது அங்கேதான்.

1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் இறங்கிய லுஃப்தான்சா ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்வோம். வேகத்தைக் குறைக்க உதவும் ஸ்பாய்லர்கள் எனும் இறக்கைமேல் பலகைகள், விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் முழுதாக விரிய வேண்டும். இது தேவை. ஆனால் மென்பொருளுக்குத் தரை தெரியாது, சென்சார் சொல்வதுதான் தெரியும். ஆகவே இரண்டு பக்கச் சக்கரக் கால்களிலும் தலா 6.3 டன்னாவது எடை விழ வேண்டும், அல்லது சக்கரங்கள் 72 நாட் (மணிக்குச் சுமார் 133 கி.மீ.) வேகத்துக்கு மேல் சுழல வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். அன்று ஓடுபாதை நனைந்திருந்தது. விமானம் ஒருபக்கம் சாய்ந்து இறங்கியதால் இடது கால் சுமார் 9 வினாடி தாமதமாகத்தான் தரையைத் தொட்டது. தண்ணீரில் வழுக்கிய சக்கரமும் போதிய வேகத்தில் சுழலவில்லை. அதுவரை ஸ்பாய்லர் விரியவில்லை. பின்காற்றும் சேர்ந்துகொள்ள, விமானம் ஓடுபாதையைத் தாண்டிப்போய் மண்மேட்டில் மோதியது, இருவர் இறந்தார்கள். கோட் எழுதிவைத்தபடியே ஓடியது. தரையில் இருந்தால் இந்த இரண்டில் ஒன்றாவது உடனே நடக்கும் என்ற அனுமானம்தான் பொய்த்தது.

உங்கள் திட்டத்துக்கும் இதே கணக்குதான். கணக்கின் உரிமையாளர் மட்டுமே கடவுச்சொல்லை மாற்ற முடிய வேண்டும் என்பது தேவை என்று வையுங்கள். பதிவான மொபைல் எண்ணுக்கு 6 இலக்கக் குறியீடு அனுப்பி, 10 நிமிடத்துக்குள் அது திரும்ப வந்தால் மாற்ற அனுமதிப்பது மென்பொருளின் வேலை. அந்த எண் இன்றும் அவர் கையில்தான் இருக்கிறது என்பது அனுமானம். ஆனால் கைவிட்ட எண்ணை நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுப்பதுண்டு. ஆகவே ஒவ்வொரு அனுமானத்தின் பக்கத்திலும் இரண்டு கேள்வி எழுதுங்கள்: இது பொய்த்தால் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அப்போது அது என்ன செய்ய வேண்டும்? விட்டுப்போன ரிக்வயர்மென்ட்டுகள் இங்கேதான் அகப்படும்.

வாக்கியம் அமைக்க ஈயர்ஸ் (EARS) என்ற ரிக்வயர்மென்ட் எழுதும் முறை கைகொடுக்கும்; ரோல்ஸ் ராய்ஸில் அலிஸ்டர் மேவினும் சகாக்களும் உருவாக்கி 2009-ல் வெளியிட்டது. முதலில் எந்த நிலையில் என்பது, பிறகு எது நடந்தால், கடைசியில் அமைப்பு என்ன செய்ய வேண்டும்: ‘ஒரே குறியீட்டுக்கு 5 முறை தவறான பதில் வந்தால், அமைப்பு அந்தக் குறியீட்டைச் செல்லாததாக்க வேண்டும்.’ டெஸ்டர் இதைப் படித்ததுமே சோதனையை எழுதிவிடலாம். ‘வேகமாக’, ‘எளிதாக’ என்றெல்லாம் எழுதினால் முடியாது. எத்தனை வினாடி, எத்தனை பேர் ஒரே நேரத்தில் என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ‘மற்றும்’ வருகிற இடத்தில் பெரும்பாலும் இரண்டு தேவை ஒட்டிக்கொண்டிருக்கும்; பிரித்துத் தனித்தனி எண் கொடுங்கள்.

ஒவ்வொரு தேவையின் எண்ணோடும் அது ஏன் வேண்டும் என்ற காரணத்தையும் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏரியான் 4 ராக்கெட்டில், கவுன்ட்டவுன் கடைசி நேரத்தில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்க வசதியாக, திசையறியும் கருவியைச் சீரமைக்கும் கணக்கு கிளம்பிய பிறகும் சுமார் 40 வினாடி ஓடியது. ஏரியான் 5-க்கு அந்தத் தேவையே கிடையாது. கோட் மட்டும் அப்படியே போனது. 1996 ஜூன் 4 அன்று, அந்தத் தேவையற்ற கணக்கில் 64 பிட் எண்ணொன்று 16 பிட்டில் அடங்காமல் போக, திசையறியும் கருவியும் அதற்கு மாற்றாக வைத்திருந்த இன்னொன்றும் நின்று ராக்கெட் வெடித்தது. பழைய கோட்டை எடுக்கும்போது இந்தக் காரண வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். புதிய இடத்தில் செல்லாத காரணம் தென்பட்டால், அந்த எண்ணுள்ள தேவையையும் அதன் கோட்டையும் டெஸ்ட்டையும் சேர்த்தே நீக்கிவிடுங்கள்.