சிறுபான்மைச் சமூகங்களில் சுகாதார விழிப்புணர்வு: எங்கே சறுக்குகிறோம்?

ஒரு சிறுபான்மைச் சமூகத்தில் தடுப்பூசி போடுவோர் குறைகிறார்கள், நோயை முற்றவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்ததும், முதல் வேலையாகத் துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போகும். "அவர்களுக்கு விஷயம் தெரியாது, எடுத்துச் சொன்னால் செய்வார்கள்" என்ற கணக்குதான் காரணம். நடக்கும் தவறுகளில் பாதி இந்தக் கணக்கிலிருந்து கிளைப்பவை. தெரியாதவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தெரிந்தும் வராதவர்களிடம் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்காமல் அறிவுரையை மட்டும் உரக்கச் சொல்லிப் பயனில்லை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைப் பாருங்கள். 2004ல் அங்கே சோமாலி வம்சாவளிக் குழந்தைகளில் 92 சதவீதம் பேர் தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி போட்டிருந்தார்கள். 2014ல் அது 42 சதவீதம். இடையில் நடந்தது இதுதான். 2008 வாக்கில், நம் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் அதிகமாக வருகிறதே, ஏன் என்று பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்வி. முறையான ஆய்வு வெளிவர 2013 ஆகிவிட்டது. அதற்குள் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் வந்து கூட்டம் போட்டு, ஊசிதான் காரணம் என்ற பொய்யான பதிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். 2017ல் தட்டம்மை பரவி 75 பேருக்கு வந்தது. பெரும்பாலோர் சோமாலிக் குழந்தைகள்.

92 சதவீதம் ஊசி போட்ட சமூகத்தை விழிப்புணர்வு இல்லாதது என்று எப்படிச் சொல்வது? அவர்கள் கேட்டதற்கு யாரும் வந்து உட்கார்ந்து பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். வதந்தி கிளம்பினால் அதை மறுத்து அறிக்கை விடுவதற்கு முன், அதற்கு அடியில் என்ன பயம் இருக்கிறது என்று விசாரிப்பது நல்லது. பதில் இன்னும் கிடைக்கவில்லையா? அதையும் ஒளிக்காமல் சொல்லலாம். மௌனத்தைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது, அவநம்பிக்கையை மூடநம்பிக்கை என்று நினைப்பது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சையே தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. 1940களிலேயே அதைக் குணமாக்கும் பென்சிலின் மருந்து வந்துவிட்டது, அதையும் கொடுக்கவில்லை. நாட்டின் அதிபர் மன்னிப்புக் கேட்டது 1997ல். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இப்படி ஒன்றைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தில் ஒருவர் "இந்த மருந்து எதற்கு?" என்று இரண்டு முறை கேட்டால், அது அறியாமை இல்லை. பழைய தவறை ஒப்புக்கொண்டு, இப்போது என்னென்ன பாதுகாப்பு இருக்கிறது என்று விளக்குவதுதான் அங்கே பேச்சின் தொடக்கமாக இருக்க முடியும்.

அதே டஸ்கீகியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த ஆண்களை ஆய்விலிருந்து விலகாமல் பிடித்துவைத்ததில் பெரும் பங்கு யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பின நர்ஸுக்கு உண்டு. மக்களுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது. "சமூகத்தில் நம்பிக்கையுள்ள ஒருவரைப் பிடித்துப் பேச வையுங்கள்" என்று இன்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறோமே, அந்த யோசனை எவ்வளவு தவறாகப் போக முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. எழுதிக்கொடுத்ததை வாசிக்க மட்டும் மதத் தலைவரையோ உள்ளூர் நர்ஸையோ கூப்பிட்டால், அவரது நல்ல பெயரை நாம் கடன் வாங்குகிறோம் என்றுதான் அர்த்தம். திட்டம் போடும்போதே அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "இது சரிவராது" என்று அவர் சொன்னால் மாற்றத் தயாராக இருங்கள். அவருடைய நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள். சேவை என்ற பெயரில் ஓசி வேலை வாங்குவது இந்தத் துறையில் ரொம்பவே சகஜமாகிவிட்டது.

நோயின்மேல் சமூகத்தின் பெயரை ஒட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. எய்ட்ஸ் பரவத் தொடங்கிய காலத்தில், 1983ல், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆபத்து அதிகமுள்ள குழுக்களில் ஹைட்டி நாட்டவரையும் சேர்த்தது. 1985ல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் ஒட்டிய பெயர் போகவில்லை. 1990ல் ஹைட்டியர்கள் ரத்ததானமே செய்யக்கூடாது என்று விதி வந்தது. பல்லாயிரம் பேர் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் ஊர்வலம் போன பிறகு அந்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள். ஆகவே, போஸ்டரில் படம் போடும்போது ஒரே உடை, ஒரே முகச்சாயல் என்று போடாதீர்கள். யாருக்கு ஆபத்து என்பதைவிட, எதனால் ஆபத்து என்று எழுதுங்கள்: நெரிசலான வீடு, ஷிப்ட் வேலை, எட்டாத தூரத்தில் கிளினிக்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சொல்வதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் 52 சலூன்களில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018ல் வெளியானது. ரத்த அழுத்தம் அதிகமுள்ள 319 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதிக் கடைகளில், பழக்கப்பட்ட முடிதிருத்துநரே "டாக்டரைப் பாருங்க, சாப்பாட்டுல கவனமா இருங்க" என்று சொன்னார். மற்றக் கடைகளுக்கு மருந்தாளுநரே நேரில் வந்தார். அங்கேயே அழுத்தம் பார்த்து, டாக்டர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அங்கேயே மாத்திரையும் எழுதினார். ஆறு மாதத்தில், அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 9 புள்ளி குறைந்தது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27 புள்ளி. இரண்டு இடத்திலும் நம்பிக்கையான ஆள், பழகிய நாற்காலி, ஒரே விஷயம். வித்தியாசம், பேச்சுக்குப் பின்னால் சிகிச்சை இருந்ததா என்பதில்தான்.

"பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்று எழுதுவதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எங்கே? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்குமா? அடையாள அட்டை கேட்பார்களா? கேட்டால் அந்த விவரம் போலீசுக்கோ குடியேற்ற அலுவலகத்துக்கோ போகுமா? அப்புறம், மொழி தெரிந்தவர் இருப்பாரா? பத்து வயதுப் பையனை மொழிபெயர்க்க வைத்து, அவன் அம்மாவிடம் மார்பகக் கட்டியைப் பற்றி விசாரிப்பது இன்றும் நடக்கிறது. அம்மா பாதியை மறைப்பார், பையன் மீதியை விட்டுவிடுவான்.

கடைசியாக, கணக்கெடுப்பு. அறிக்கைகளில் இத்தனை ஆயிரம் பிரசுரம் கொடுத்தோம், இத்தனை கூட்டம் போட்டோம் என்று இருக்கும். எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையைத் தொடர்கிறார்கள், பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்ற மூன்றையும் எழுதிவையுங்கள். எழுதியதை நிதி கொடுத்தவருக்கு அனுப்பும்போதே, விவரம் கொடுத்த மக்களிடமும் அவர்கள் மொழியில் ஒரு பிரதி போகட்டும்.