கேட்காமல் வந்து குடியேறிய மென்பொருளை ஸ்கிரிப்ட் எழுதி நீக்குவது

குமுளி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஏலக்காய்க் கணக்கு எழுதுகிறவர்கள், தேக்கடியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், கம்பத்திலிருந்து மலையேறி வருகிறவர்கள் என்று தமிழும் மலையாளமும் பேசுகிற ஆட்கள்தான் வருவார்கள். பாதிப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான்: வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் இழுக்கிறது.

போன மாதம் சக்குப்பள்ளத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். "தம்பி, இதைத் திறந்து வெச்சிட்டு அடுப்புல உலையை ஏத்துனா உலை கொதிச்சிரும், இது திறக்காது" என்றார். விண்டோஸ் 11, 4 ஜிபி ராம். புத்தடி ஏலக்காய் ஏலத்தில் போன விலையைப் பார்த்து எக்ஸெலில் ஏற்றுவதுதான் அவருடைய வேலை. உள்ளே பார்த்தால் கெடு முடிந்த ஆன்டிவைரஸ் ஒன்று, சீட்டாட்டம், எக்ஸ்பாக்ஸ், வாரண்டியை நீட்டிக்கச் சொல்லிக் குதிக்கும் பெட்டி ஒன்று எனப் பதினான்கு சமாச்சாரம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நீக்கலாம். ஆனால் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதிவிட்டால், என்ன நீக்கினோம் என்பதற்கு அதுவே எழுத்து. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சிலது திரும்பி வந்தால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

ரெடிமேடாக இணையத்தில் கிடைக்கிறதே என்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே வரியைப் பவர்ஷெல் என்ற கட்டளை ஜன்னலில் ஒட்டினால், எங்கிருந்தோ ஸ்கிரிப்டை இறக்கி அப்படியே ஓட்டிவிடும். ஓய்வு பெற்ற மலையாள வாத்தியார் ஒருவரின் கம்ப்யூட்டரில் அதைப் படிக்காமல் ஓட்டினேன். முடிந்ததும் திரை முழுக்க ஆங்கிலம். "மோனே, என்டெ மலையாளம் எவிடெப் போயி?" என்று கேட்டார். அவர் வைத்திருந்தது விண்டோஸ் 10. அதில் மலையாளம், தமிழ் போன்ற திரைமொழிகள் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப் மாதிரியான பொட்டலமாகத்தான் வருகின்றன. தன் பட்டியலில் இல்லாத எல்லா ஆப்பையும் அந்த ஸ்கிரிப்ட் துடைத்துவிட்டது. கால்குலேட்டரும் போட்டோஸும்கூடப் போயிருந்தன. மொழியைத் திரும்ப இறக்கி, மற்றதை ஸ்டோரிலிருந்து எடுத்துப் போட ஒரு மத்தியானம் போனது. அந்த மனிதர் பேரப்பிள்ளைகளின் படம் பார்க்கத்தான் அதை வைத்திருந்தார். அன்றிலிருந்து வரிக்கு வரி எனக்குப் புரியாத எதையும் நான் ஓட்டுவதில்லை. நீங்களும் ஓட்டாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். படங்களையும் பில்களையும் முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டோர் பாயின்ட் என்று தேடி ஒன்று உருவாக்குங்கள். நிறைய மெஷின்களில் இந்த வசதி அணைத்தே இருக்கும், ஆன் செய்ய வேண்டும். இது சிஸ்டத்தின் அமைப்புகளைத்தான் பின்னுக்குக் கொண்டுபோகும், நீக்கிய ஸ்டோர் ஆப்பைத் திருப்பித் தரும் என்று நம்பாதீர்கள். மழைக்காலத்தில் இங்கே கரன்ட் சொல்லிக்கொள்ளாமல் போகும், அதனால் சார்ஜ் முழுதாக ஏறிய பிறகே தொடங்குவேன்.

அடுத்து டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலைத் திறந்து, முழு அகலத்துக்கு விரித்துவிட்டு, விங்கெட் லிஸ்ட் (winget list) என்று கொடுங்கள். மென்பொருளைப் போடவும் நீக்கவும் விண்டோஸ் தரும் கருவிதான் விங்கெட். இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். முதல் தடவை நிபந்தனைக்குச் சம்மதமா என்று கேட்கும், ஒய் தட்டுங்கள். மெஷினில் உள்ள எல்லாவற்றின் பெயர், ஐடி, வெர்ஷன் வரிசையாக வரும். ஜன்னல் குறுகலாக இருந்தால் ஐடியின் வால் அறுந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைக் காப்பி செய்தால் எதுவும் நீங்காது. அதனால்தான் விரிக்கச் சொன்னேன்.

இந்தப் பட்டியலோடு மெஷின்காரரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். வேலையில் முக்கால்வாசி இதுதான். அக்காவோடு ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பேசினேன். "இது எதுக்கு?" என்று அவர் கேட்க, நான் சொல்ல, வேண்டாததன் பக்கத்தில் பேனாவால் அவரே கோடு போட்டார். சீட்டாட்டத்தில் மட்டும் பேனா நின்றது. "பொண்ணு ஆடுவா, இருக்கட்டும்." இருக்கட்டும். நான் தனியாக எழுதியிருந்தால் அதையும் தூக்கியிருப்பேன்.

தொடக்கூடாதவையும் உண்டு. விஷுவல் சி++ என்று ஏழெட்டு வரி இருக்கும், வேறு புரோகிராம்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. டாட் நெட், வெப்வியூ, ரியல்டெக், இன்டெல் என்று தொடங்குபவை, கீபோர்டின் வெளிச்சம், ஒலி பட்டன்களுக்கான கம்பெனி மென்பொருள், மொழிப் பொட்டலங்கள், ஸ்டோர் எல்லாம் இருக்க வேண்டும். ஆப் இன்ஸ்டாலரை நீக்கினால் விங்கெட்டே போய்விடும். ஸ்டோர் தவறிப்போய் நீங்கிவிட்டால் டபிள்யூஎஸ்ரீசெட் என்று அடித்து, இடம் விட்டு, ஒரு கோடும் ஆங்கில ஐ எழுத்தும் (wsreset -i) கொடுத்தால் திரும்பி வரும்.

இனி ஸ்கிரிப்ட். நோட்பேடைத் திறந்து, நீக்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: விங்கெட் அன்இன்ஸ்டால், பிறகு இரட்டைக் கோடு ஐடி (--id), பிறகு பட்டியலிலிருந்து காப்பி செய்த ஐடி மேற்கோள் குறிக்குள், கடைசியில் இரட்டைக் கோடு எக்ஸாக்ட் (--exact). எக்ஸாக்டை விடாதீர்கள், அது இருந்தால்தான் அச்சு அசல் அந்த ஐடியை மட்டும் பிடிக்கும். சந்தேகம் உள்ள வரியின் முன்னால் ரெம் (rem) என்று போட்டால் அந்த வரி ஓடாது. கடைசி வரியில் பாஸ் (pause) போட்டால் ஜன்னல் மூடாமல் நிற்கும், எது நீங்கியது, எது முரண்டு பிடித்தது என்று படிக்கலாம். சேவ் செய்யும்போது ஆல் ஃபைல்ஸ் தேர்ந்து, பெயர் புள்ளி பேட் (.bat) என்று முடியட்டும்.

முதலில் ஒரு வரியை மட்டும் விட்டு மற்றதற்கெல்லாம் ரெம் போட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாக நீங்கினால் ரெம்களை எடுத்துவிட்டு முழுதாக ஓட்டலாம். ஸ்டோர் ஆப்கள் ஒவ்வோர் அக்கவுன்டுக்கும் தனி. ஆகவே மெஷின்காரரின் அக்கவுன்டிலேயே ஓட்டுங்கள்.

அக்கா மகளுக்குப் புது அக்கவுன்ட் உருவாக்கியதும் எக்ஸ்பாக்ஸ் மறுபடி முளைத்தது. புது ஆளுக்குக் கொடுக்க விண்டோஸ் தனியாக ஒரு பிரதி வைத்திருக்கும். அட்மின் பவர்ஷெல்லில் கெட்-ஆப்எக்ஸ்புரொவிஷன்ட்பேக்கேஜ் என்று ஆன்லைன் குறியோடு (Get-AppxProvisionedPackage -Online) கொடுத்தால் அந்தப் பட்டியல் வரும். கெட் என்ற இடத்தில் ரிமூவ் போட்டு, பேக்கேஜ்நேம் (-PackageName) குறிக்குப் பின் முழுப் பெயரைக் கொடுத்தால் அந்தப் பிரதி போய்விடும்.

ஆன்டிவைரஸை ஸ்கிரிப்டில் சேர்க்காதீர்கள். அந்தந்தக் கம்பெனியே நீக்குவதற்கான கருவி தருகிறது, அதைக் கையால் ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு காவல் இல்லையென்றால் விண்டோஸ் டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து அதை உறுதி செய்த பிறகே மெஷினைக் கையில் கொடுப்பேன்.

வேகத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. 2015 பிப்ரவரியில் லெனோவா லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் சிக்கியது. கம்ப்யூட்டர் கேள்வி கேட்காமல் நம்பும் ரூட் சான்றிதழ் ஒன்றைத் தன் சொந்தமாக நட்டுவைத்து, பூட்டுக்குறி போட்ட பக்கங்களுக்குள்ளும் அது நுழைந்துகொண்டிருந்தது. மென்பொருளை மட்டும் நீக்கினால் சான்றிதழ் அங்கேயே கிடந்தது, அதைத் தனியாகப் பிடுங்க வேண்டியிருந்தது. பேங்க் கணக்குப் பார்க்கிற மெஷினில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று உடைமைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவின் பேட் ஃபைலையும், அவர் கோடு போட்ட காகிதத்தின் படத்தையும் தேதியோடு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த பெரிய அப்டேட் வந்தால் ஃபைலை உடனே ஓட்ட வேண்டாம், முதலில் விங்கெட் லிஸ்ட் எடுத்து அந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.