எதிர்வீட்டு ஆச்சிக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது

நல்லடக்கம் முடிந்தபின் நடக்கும் நினைவு ஸ்தோத்திர ஆராதனையில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பு, துக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரிடமிருந்து பக்கத்து வீட்டில் எழுதப் பழகிய ஒருவர் கைக்கு வந்து சேர்வது எங்கள் பக்கத்து வழக்கம். நாற்பது ஆண்டுகள் எங்கள் எதிர்வீட்டில் வாழ்ந்த ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது அது என்னிடம் வந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பேராயரின் கீழுள்ள தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்தின் சிறிய கிராமச் சபை ஒன்றில் அன்று நான் கற்றுக்கொண்டதை, அதே பொறுப்பு வந்து சேரும் மற்றவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பதிவேடுகளைப் பாருங்கள். மூத்தவர்கள் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்தநாளும் ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறொரு நாளும் இருக்கும். பள்ளியில் சேர்ப்பதற்காக ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிட்ட காலம் அது. ஆகையால் குருவானவரின் அனுமதியோடு பதிவேட்டைப் பார்ப்பதே நல்லது. வாழ்க்கைப்பட்டு வந்தவராயின், பிறந்த ஊரின் சேகரத்தில், அதாவது அந்த ஊர்ச் சபையைக் கவனிக்கும் குருவானவரின் வட்டாரத்தில், தேட வேண்டியிருக்கும். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்றுதான் உருவானது என்பதால், அதற்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபை) காலத்துப் பதிவேட்டில் இருக்கும். ஊர்ப்பெயரோடு மாவட்டத்தை எழுதும்போதும் கவனம் வேண்டும். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல், எங்கள் திருமண்டலம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது 2003இல். அதற்கு முந்தைய நிகழ்ச்சிகளுக்குப் பழைய பெயரையே எழுதுவதுதான் முறை.

தேதிகள் குறிப்பின் எலும்பு மட்டுமே. மீதியை ஆட்களிடம்தான் கேட்டுப் பெற வேண்டும், கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஆச்சி எப்படிப்பட்டவர்?" என்று நான் கேட்ட வீடுகளிலெல்லாம் "தங்கமானவர்" என்ற ஒரே பதில்தான் வந்தது. "2023 டிசம்பரில் வெள்ளம் வந்த அன்று ஆச்சி என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டபோதோ, மூன்று குடும்பங்கள் அவர் வீட்டு மாடியில் தங்கியதும், மின்சாரம் இல்லாத இரவில் அவர் கஞ்சி காய்ச்சி ஊற்றியதும், குழந்தைகளுக்குப் பயம் தெரியாமலிருக்க விடியும்வரை கீர்த்தனைகள் பாடியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று கோயிலில் யார் அருகில் இருந்தார்கள் என்பது பலருக்கும் நினைவிருக்கும். இப்படி ஊர் முழுவதும் மறக்காத ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு கேட்டால், பேசத் தயங்குகிறவர்களும் பேசுவார்கள்.

குடும்பத்தாருக்கு அவர் தாய், சபையாருக்குப் பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ளவற்றை அண்டைவீட்டார் மட்டுமே கண்டிருப்போம். ஆராதனையில் அப்பமும் ரசமும் வைக்கும் திருவிருந்து மேசையின் விரிப்பைச் சனிக்கிழமைதோறும் துவைத்து, தன் வீட்டு முற்றத்துக் கொடியில் தனியாக உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்து வைத்தவர் ஆச்சி என்பதை எதிர்வாசலில் இருந்த நான்தான் ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். அதை அவர் பிள்ளைகள்கூடச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது வீட்டு வேலைகளில் ஒன்றாகவே தெரிந்திருக்கிறது.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, விதவைகள் அவரைப் புகழ்ந்து பேசியதாக எழுதப்படவில்லை. அவர் தங்களுக்குச் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அழுதுகொண்டே பேதுருவிடம் காண்பித்தார்கள் என்றே இருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டியை நான் அறியேன். அன்பு, பண்பு, பக்தி என்ற சொற்களை எழுதத் தோன்றும் இடத்திலெல்லாம் கையை நிறுத்தி, அந்தச் சொல்லுக்குப் பதிலாகக் காட்டக்கூடிய ஓர் அங்கி உண்டா என்று தேடுங்கள்.

விட்டுவிட வேண்டியவையும் உண்டு. கடைசி நாட்களின் நோய் விவரம், சொத்துப் பிரச்சினை, சபைத் தேர்தல் மனத்தாங்கல் ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. அவர் மறைவாகச் செய்த உதவிகளை, பெற்றவர் சம்மதித்தாலன்றி எழுதக் கூடாது. சம்மதித்தாலும் பெயரைத் தவிர்ப்பது நல்லது. ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை ஆச்சி கட்டிவந்ததை, அந்தத் தாயிடம் கேட்ட பிறகே, "ஒரு பிள்ளை" என்று மட்டும் எழுதினேன்.

கையெழுத்தில் இரண்டு பக்கங்களுக்குள் முடித்து, ஆராதனைக்கு முந்தைய நாளே குடும்பத்தில் மூத்தவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்களில் ஒன்று விடுபட்டாலும் அந்த வருத்தம் பல ஆண்டுகள் நிற்கும். உங்கள் குரல் தழுதழுக்கும் என்று தோன்றினால் வாசிக்க வேறொருவரைக் கேட்டுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. ஆச்சியின் குறிப்பை அவரிடம் ஓய்வுநாள் பாடசாலையில் படித்த ஒருவர் வாசித்தார்.

பிரதி ஒன்றைச் சபை ஆவணங்களோடு வைக்கும்படி குருவானவரிடம் கொடுங்கள், மற்றொன்றைக் குடும்பத்தாரிடம் கொடுங்கள். ஆச்சியின் மகள் தன் பிரதியை நான்காக மடித்து, ஓரங்களெல்லாம் தேதிகள் குறித்திருந்த அம்மாவின் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.