நினைவைப் படமாக்கும்போது சறுக்கும் இடங்கள்

நினைவை வீடியோ கலையாக்கும்போது, நினைவென்றால் மங்கலாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை. செபியா நிறம், இருண்ட ஓரங்கள், ஃபில்டர் தரும் போலிக் கீறல்கள் எல்லாம் பழைய ஃபிலிமைத்தான் ஞாபகப்படுத்தும். சட்டைப் பித்தான் அப்படியே மனதில் நிற்கும், போட்டிருந்தவர் முகம் வராது. நினைவின் சுபாவம் அது. ஆகவே ஃபிரேம் முழுவதையும் மழுக்காதீர்கள். பித்தானைத் திருகும் விரல்களைக் கூர்மையான ஃபோகஸில் 20 விநாடி விட்டுவைத்து, முகத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கள்.

அடுத்தது ஸ்லோ மோஷன். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்ததை எடிட்டிங்கில் நான்கு மடங்கு நீட்டினால், ஒரே ஃபிரேம் நான்கு தடவை வந்து படம் தத்தித் தத்திப் போகும். இல்லாத ஃபிரேம்களை மென்பொருளே ஊகித்து நிரப்பும் ஆப்டிகல் ஃப்ளோவை நம்பினால், ஒன்றையொன்று கடக்கும் விரல்கள் ஜவ்வாக இழுபடும். எடுக்கும்போதே 100 ஃபிரேமில் எடுத்து 25 ஃபிரேம் டைம்லைனில் போடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரமான ஷட்டர் 1/50 விநாடியிலிருந்து 1/200-க்குப் போவதால் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். அங்கே 120 ஃபிரேமில் எடுத்தால் வெளிச்சம் அலையடிக்கும், 100-இல் எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எதை நீட்டுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். வீடியோ கலைஞர் பில் வயோலாவின் 'தி கிரீட்டிங்' (1995) சுமார் 45 விநாடிச் சந்திப்பை 10 நிமிடமாக விரிக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் இருவரிடம் மூன்றாமவள் வருகிறாள், ஒருத்தியின் காதில் ஏதோ சொல்கிறாள், மற்றவள் ஒதுங்கி நிற்கிறாள். முகங்களில் ஓடும் மாற்றம் அந்த நீளத்தைத் தாங்குகிறது. வெறுமனே நடந்துபோகும் ஒருவரின் முதுகு அவ்வளவு தாங்காது.

எல்லா வெட்டிலும் டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றுவது) போடாதீர்கள். மனம் திடீரென்றுதான் தாவுகிறது, நேர்வெட்டே அதற்குப் பொருத்தம். ஒரே ஷாட்டை மூன்றாவது தடவை காட்டும்போது மேசையிலிருந்த டம்ளரை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். நினைவு மாறிக்கொண்டே இருப்பதை எந்த டிசால்வும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

ஒலியில் எதிரொலி எஃபெக்ட் சலித்துப்போன சங்கதி. படம்பிடித்த அறையின் வெற்றொலியை யாரும் அசையாமல் 1 நிமிடம் பதிந்துவையுங்கள். அடுத்த ஷாட்டின் ஒலியை 2 விநாடி முன்னதாக நுழைத்தாலே கனவுத்தன்மை வந்துவிடும். படத்தில் தெரிவதையே பின்னணிக் குரலும் சொல்வது வீண்.

வீட்டுப் பழைய விஎச்எஸ் டேப்பைச் சேர்ப்பவர்கள் 4:3 அளவுப் படத்தை 16:9 அகலத்திரைக்கு இழுத்து முகங்களை அகலப்படுத்திவிடுகிறார்கள். இருபுறமும் கறுப்பு இருக்கட்டும். PAL என்ற ஒளிபரப்பு முறையில் பதிந்த டேப் என்றால், விநாடிக்கு வரும் 50 ஃபீல்டையும் (ஃபீல்ட் என்பது ஃபிரேமின் பாதிக் கோடுகள்) 50 ஃபிரேமாகப் பிரித்தெடுங்கள். 25-ஆக மடக்கினால் அசைவில் பாதி போய்விடும்.

காட்சிக்கூடத்தில் பார்வையாளர் பாதியில்தான் நுழைவார். 'தொடக்கம் தெரியாவிட்டால் புரியாது' என்ற கட்டமைப்பு அங்கே எடுபடாது. படம் முடிந்து லூப்பாக மறுபடி தொடங்கும் இடத்தில் சில பிளேயர்கள் ஒரு கணம் கறுப்பைக் காட்டும், அதனால் அதே கருவியில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். புரொஜக்டரில் முழுக் கறுப்பு வராது, நிழலில் ஒளித்த விவரம் சாம்பல் திட்டாகிவிடும். மெதுவாக இருளும் காட்சிகள் நிறப் படிகள் குறைவான 8 பிட் ஃபைலில் படிப்படியான பட்டைகளாக உடையும். எடுப்பதிலிருந்தே 10 பிட்டில் வேலை செய்யுங்கள். பிளேயர் 8 பிட்டை மட்டும் ஏற்றால், ஏற்றுமதிக்கு முன் மெல்லிய கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) சேர்த்து, பிட்ரேட்டை (விநாடிக்கான தரவு அளவை) கூட்டுங்கள்.