நாலு கிலோ சிப்ஸுக்குப் பத்து கிலோ பில்: பார்சல் பெட்டியை எப்படித் தேர்வு செய்வது

போன ஓணத்துக்கு நாகர்கோவிலிலிருந்து பெங்களூருக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் அனுப்பினேன். சரக்கு நாலு கிலோ, அட்டைப்பெட்டியோடு சேர்த்தாலும் ஐந்தைத் தொடாது. பில்லில் பத்து கிலோ. தராசு கெட்டுவிட்டதோ என்று கேட்டால், புக்கிங்கில் இருந்த அண்ணன் டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்து காட்டினார்: நீளம் 45 செ.மீ., அகலம் 35, உயரம் 30.

கணக்கு இதுதான். மூன்றையும் பெருக்கி 5000 ஆல் வகுக்க வேண்டும். 47,250 ஐ 5000 ஆல் வகுத்தால் 9.45, அதை மேல்நோக்கி முழுதாக்கிப் பத்து. இதற்கு வால்யூம் வெயிட் என்று பெயர். தராசு காட்டும் எடை, இந்த எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. வண்டியில் இடம் நிறைந்துவிட்டால் எடை பாக்கி இருந்தும் அவர்களால் வேறு சரக்கு ஏற்ற முடியாதே, அதனால் இடத்துக்கும் விலை வைக்கிறார்கள். கூரியரில் பெரும்பாலும் 5000, ஏர் கார்கோவில் வழக்கமாக 6000, லாரி பார்சலில் கன அடிக் கணக்கும் உண்டு. ஆகவே புக் செய்யும் முன் "எத்தனையால் வகுப்பீங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

அதே நாலு கிலோவை 40, 30, 25 பெட்டியில் நெருக்கி அடுக்கினால் 30,000, அதாவது சரியாக 6 கிலோ. நாலு கிலோ மிச்சம்! பாக்கெட்டில் காற்று அதிகம் அடைக்காதீர்கள், சிப்ஸ் நொறுங்காத அளவுக்கு இருந்தால் போதும். பெட்டி வயிறு புடைத்திருந்தால் புடைத்த இடத்தில்தான் டேப் வைப்பார்கள், அதையும் பாருங்கள்.

மார்த்தாண்டம் தேன் அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தேன் கனமானது, சின்னப் பெட்டியிலேயே தராசு எடை முந்திவிடும். அங்கே பெட்டியைச் சுருக்கிப் பயனில்லை, கசியாமல் உடையாமல் போய்ச் சேர்வதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரே வீட்டுக்குச் சிப்ஸும் தேனும் போகிறதென்றால் சேர்த்தே வையுங்கள். என் பழைய பெட்டியிலேயே அடியில் நாலு ஒரு கிலோ பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தால் பில் அதே பத்து கிலோதான் வந்திருக்கும், தேன் சும்மா போயிருக்கும். விமானத்தில் போகும் பார்சலில் தேனை எடுப்பார்களா என்று மட்டும் முதலிலேயே கேளுங்கள்.

கயிற்றுப் பாய் (தென்னைநார்ப் பாய்) சுருள் அனுப்பும்போது இன்னும் கவனம் வேண்டும். உருளையை உருளையாக அளக்க மாட்டார்கள், அதைச் சுற்றி ஒரு சதுரப் பெட்டி இருப்பதாக வைத்துத்தான் கணக்கு. விட்டம் 30, நீளம் 100 என்றால் 30 × 30 × 100, அதாவது 18 கிலோ. இறுக்கிச் சுருட்டி விட்டத்தை 25 ஆக்கினால் 12.5 தான். தென்னைநார்த் துகளைக் கட்டியாக அமுக்கி ஏற்றுமதி செய்வதும் இதற்காகத்தான்.

தூத்துக்குடி வழியாகக் கப்பலில், அடுத்தவர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் போட்டால், கட்டணக் கணக்கில் பொதுவாக ஒரு கன மீட்டரும் ஒரு டன்னும் சமம். பாய் 400 கிலோதான் இருந்தாலும் 2 கன மீட்டர் இடம் பிடித்தால் அந்த 2 கன மீட்டருக்கான காசைக் கட்ட வேண்டும்.

கடைசியாக, ஒட்டி முடித்த பெட்டியை வீட்டிலேயே டேப் வைத்து அளந்து, டேப்போடு மூன்று பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு அளவு கூடிப்போனதாகச் சொல்லிக் கூடுதல் காசு கேட்டால் காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.