பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள்: பழைய பேனாக்கத்தி வாங்குவோர் செய்யும் தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைச் சாமான்களைக் கிளறும்போதும், ஊர்ப்பக்கக் காயலான் கடைகளிலும், வெள்ளைக்காரர் காலத்துப் பேனாக்கத்தி ஒன்று கையில் சிக்கலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்ததாக இருக்கும், அல்லது ஜெர்மனியின் சோலிங்கனில். சிக்கிய சந்தோஷத்தில் உடனே பேரத்தில் இறங்கிவிடாதீர்கள்.

பலர் செய்யும் முதல் தவறு, இருப்பதிலேயே அதிகம் மின்னுவதை எடுப்பது. அந்தக் காலத்துக் கார்பன் எஃகு, புழங்கப் புழங்கச் சாம்பலும் நீலமுமாகக் கறுத்துப்போகும். அது அழுக்கல்ல. அலகை ஓரளவு துருவிலிருந்து காக்கும் படலம் அது. கண்ணாடிபோல் மின்னினால் யாரோ மிஷினில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அந்தத் தேய்ப்பில் அலகில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரை எழுத்துகளின் ஓரம் மழுங்கும், அலகின் கூர்மையான விளிம்புகள் உருண்டுபோகும். போனது போனதுதான். கறுத்திருந்தாலும் முத்திரை தெளிவாக இருக்கும் கத்தியையே நான் எடுப்பேன்.

அடுத்தது, அலகு எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் விடுவது. இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். அலகைத் திறந்து, பிடியை ஒட்டிய தீட்டப்படாத அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கிருந்து வெட்டும் விளிம்பு தொடங்கும் இடத்தில் படிபோல் ஒரு பள்ளம் தெரிந்தால், அந்தப் படியின் ஆழம்தான் சாணையில் போன எஃகு. பிறகு மடக்குங்கள். நுனிக்கும் பிடியின் மறுமுனைக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருந்தாலோ, நுனி பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றாலோ, முறிந்த நுனியைத் தேய்த்துச் சரிக்கட்டியதாக இருக்கலாம். திறக்கும்போதும் மடக்கும்போதும் ஸ்பிரிங் 'டக்' என்று இழுக்க வேண்டும். திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் திறப்பதுதான் மரியாதை. இறுகிப்போன கத்தியை இடுக்கியால் இழுக்கவே கூடாது.

காலக்கணிப்பில்தான் பணம் அதிகம் போகிறது. "விக்டோரியா ராணி காலத்துக் கத்தி சார்" என்பார்கள், அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். ராணி இறந்தது 1901-இல். உலோகவியலாளர் ஹாரி பிரேர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியதோ 1913-இல். அதேபோல், 'விக்டோரினாக்ஸ்' என்று பொறித்த சுவிஸ் கத்தி முதல் உலகப்போர்க் காலத்தது ஆக முடியாது. அந்தப் பெயரே 1921-இல்தான் வந்தது. கிரீடத்துடன் 'ஜி.ஆர்.' (ஜார்ஜ் ரெக்ஸ், அதாவது ஜார்ஜ் மன்னர்) என்று இருந்தால், 1820-இல் பட்டமேறிய நான்காம் ஜார்ஜ் என்று முடிவுகட்டாதீர்கள். 1910-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜுக்கும் அதே எழுத்துகள்தான். 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லாவிட்டால் 1891-க்கு முந்தையது என்றும் சிலர் சாதிப்பார்கள். அந்த ஆண்டு முதல் நாட்டின் பெயரைக் கேட்டது அமெரிக்கச் சுங்கச் சட்டம். அங்கே போகாத கத்திக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பிடியைப் பொறுத்தவரை, அழகைவிடச் சட்டத்தை முதலில் நினையுங்கள். இந்தியக் கடமான் கொம்பை ஷெஃபீல்டு பட்டறைகள் விரும்பி வாங்கிப் பிடி போட்டன. உயர்ந்த ரகங்களுக்குத் தந்தம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே தந்த வியாபாரம் குற்றம். மான்கொம்பும் சிக்கலில் மாட்டிவிடும். பழசுதானே என்ற சமாதானம் செல்லாது. தந்தம் என்று சொல்லி விற்பதில் நிறைய எலும்புதான். உற்றுப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அப்படியானால் நிம்மதியாக வாங்கலாம், தந்தத்தின் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஆமை ஓடு போலவும் முத்துச்சிப்பி போலவும் தோன்றும் பல பிடிகள் செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக். அது வயதானால் சிதைந்து அமில ஆவி விடும். பிடி வெடித்து நொறுங்க, அதன் அலகு மட்டுமல்ல, அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளும் துருவேறும். வாங்கினால் தனியே வையுங்கள், நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் புளி போட்டு விளக்குவது, உப்புத்தாளால் தேய்ப்பது இரண்டும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரிப்படும் புளி, எஃகை அரிக்கும். தேங்காய் எண்ணெயும் நாளாக ஆகப் பிசுபிசுத்து, அலகு மடங்கும் மூட்டினை இறுக்கிவிடும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு மூட்டில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, மெல்லத் திறந்து மூடி, வரும் கசடைத் துணியால் துடைத்தால் போதும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறும். பருத்தித்துணியில் சுற்றி உலர்ந்த இழுப்பறையில் வைத்து, மழைக்காலத்தில் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.