உறைமண் சோதனை: வேகத்தில் கோட்டை விடும் இடங்கள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வெப்பநிலை, ஈரப்பதம், அடர்த்தி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள். உறைமண் மாதிரியை, அதாவது உள்ளே நீர் உறைந்து இறுகிய மண்ணை, எந்த வேகத்தில் அழுத்தினார்கள் என்பது மட்டும் நோட்டில் இருக்காது. மாதிரி உருகக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

பத்து நிமிடச் சோதனையை வைத்து அடித்தளம் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். முப்பது ஆண்டு நிற்க வேண்டிய கட்டடத்துக்கான அறிக்கை ஒன்று கைக்கு வந்தது. நிமிடத்துக்கு 1% திரிபு (மாதிரியின் உயரத்தில் எவ்வளவு பங்கு சுருங்குகிறது என்பது) வேகத்தில் நசுக்கிக் கிடைத்த வலிமை, அதைப் பாதுகாப்புக் காரணி 2ஆல் வகுத்தார்கள், சரி, முடிந்தது!

உறைமண்ணில் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது பனிக்கட்டி. வேகமாக அழுத்தினால் அது வழிய நேரமில்லை. பெரிய சுமையைத் தாங்கும், வேகம் மிக அதிகமானால் வெடித்து உடையும். மெதுவாக அழுத்தினால் பனிப்படிகங்கள் நழுவும். துகள்கள் முட்டும் இடத்தில் அழுத்தத்தால் பனி உருகி, அந்த நீர் அழுத்தம் குறைந்த பக்கம் போய் மறுபடி உறையும். அலாஸ்காவில் ஃபாக்ஸ் அருகே 1960களில் உறைநிலத்தில் ஒரு சுரங்கம் வெட்டினார்கள். குடைய இயந்திரம் தேவைப்பட்ட அதே மண், பிறகு தன் எடையிலேயே மெல்ல மெல்லத் தொய்ந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 1% என்பது ஆண்டுக்கு 1% ஆனால் வேகம் 5 லட்சம் மடங்குக்கு மேல் குறைகிறது. வேகம் பத்து மடங்கு குறையும்போது வலிமை ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்று வைத்தாலே, கடைசியில் கால்வாசிதான் மிஞ்சும். அந்த 2 எங்கே போதும்? நிலையான சுமையை ஏற்றி, வாரக்கணக்கில் ஊர்வை (மாறாத சுமையிலும் மெல்ல மெல்ல உருமாறுவதை) அளக்கும் சோதனை இல்லாமல் இப்படிப்பட்ட அடித்தளத்தில் கை வைக்காதீர்கள்.

மி.மீ. கணக்கில் மட்டும் வேகம் எழுதுவது

நிமிடத்துக்கு 1 மி.மீ. என்பது 100 மி.மீ. உயர மாதிரிக்கு 1%, 50 மி.மீ. மாதிரிக்கு 2%. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு, புள்ளிகள் ஏன் சிதறுகின்றன என்று கேட்பார்கள்.

மைனஸ் 10 டிகிரியில் கிடைத்த வேகம்-வலிமைத் தொடர்பை மைனஸ் 1க்குப் போடுவது

கூடாது.

மெதுவான சோதனையை ஓடவிட்டு வீட்டுக்குப் போவது

நிமிடத்துக்கு 0.001% வேகத்தில் 10% திரிபை எட்ட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் குளிர் அறையின் வெப்பநிலை பலமுறை ஏறி இறங்கும். மூடாத மாதிரியிலிருந்து பனி நேரே ஆவியாகிப் போகும். ரப்பர் உறை போடுங்கள். அப்புறம், வெப்பமானி அறைச் சுவரில் வேண்டாம், மாதிரியை ஒட்டியே இருக்கட்டும்.